சனிக்கிழமை ஆட்டமும் அதன் கூலிக் கணக்கும்

அமெரிக்காவில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் வாரக் கடைசி மூன்று நாட்களும் கால்பந்துக்குத்தான். முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு மோதி முன்னேறும் அவர்கள் நாட்டுக் கால்பந்து. வெள்ளி இரவு உயர்நிலைப் பள்ளிகள் ஆடும், சனிக்கிழமை கல்லூரிகள், ஞாயிற்றுக்கிழமை தொழில்முறை அணிகள். இந்தப் பங்கீட்டுக்குச் சட்டத்தின் காவலும் உண்டு. 1961இல் வந்த ஒளிபரப்புச் சட்டம், எல்லா அணிகளின் ஒளிபரப்பு உரிமையையும் சேர்த்து விற்கும் பெரிய சலுகையைத் தொழில்முறை லீகுக்குக் கொடுத்தது. கூடவே, கல்லூரி சீசன் மாதங்களில் வெள்ளி இரவிலும் சனிக்கிழமையிலும் ஆட்டங்களை ஒளிபரப்பினால் அந்தச் சலுகை செல்லாது என்றும் வேலி போட்டது. சில சீசன்களாக இந்த வேலியின் சனிக்கிழமைப் பக்கத்திலிருந்து ஒரே முறையீடு கேட்கிறது. மாணவர்கள் காசு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள், ஆண்டுக்கொரு கல்லூரி மாறுகிறார்கள், கல்லூரி ஆட்டமும் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது, பழைய அழகு போய்விட்டது என்கிறார்கள். அழகு குறைந்திருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அதைக் குறைத்தது வீரனின் கூலி என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த ஆட்டத்தின் நூற்றைம்பது ஆண்டு வரலாறு வேறு கதை சொல்கிறது. காசு அதில் தொடக்கத்திலிருந்தே இருந்தது. ஆடியவன் கைக்கு நேர் வழியில் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரிக் கால்பந்தின் முதல் ஆட்டம் என்று எல்லோரும் குறிப்பது 1869 நவம்பர் 6 அன்று நியூ ஜெர்சி மாநிலத்தின் நியூ பிரன்ஸ்விக் ஊரில் ரட்கர்ஸும் பிரின்ஸ்டனும் மோதியதை. பக்கத்துக்கு 25 பேர் ஆடினார்கள், ரட்கர்ஸ் 6-4 என்று ஜெயித்தது. பதினொரு பேர், பந்தை வைத்து ஆட்டத்தைத் தொடங்கும் கோடு, இத்தனை முயற்சிக்குள் இத்தனை கெஜம் நகர வேண்டும் என்ற விதி எல்லாம் 1880களின் தொடக்கத்தில் யேல் கல்லூரியின் வால்டர் கேம்ப் முன்னின்று கொண்டுவந்தவை. அடுத்த பத்தாண்டிலேயே காசு வந்துவிட்டது. பிட்ஸ்பர்க் பகுதியின் அலெகெனி அத்லெடிக் அசோசியேஷன் 1892 நவம்பர் 12 அன்று நடத்திய ஓர் ஆட்டத்தின் கணக்குத் தாள் கிடைத்திருக்கிறது. பார்க்க எளிமையான தாள்தான். வசூல் 1,683 டாலர் 50 சென்ட். எதிரணிக்குக் கொடுத்தது 428, மைதான வாடகை 50, மூன்று ஆட்டக்காரர்களின் வழிச்செலவு 75, ஓட்டல் பில் 9. இவற்றோடு ஒரு வரியாக, ஆடியதற்காக ஹெஃபல்ஃபிங்கருக்கு ரொக்கம் 500 டாலர். எல்லாம் போக லாபம் 621 டாலர் சொச்சம். வில்லியம் ஹெஃபல்ஃபிங்கர் யேல் கல்லூரியில் பேரெடுத்தவர். அன்றைய ஆட்டத்தில் விழுந்த ஒரே டச்டவுனும் (பந்தை எதிரணியின் எல்லைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோவது) அவருடையதே. அலெகெனி அன்று 4-0 என்று ஜெயித்தது. எழுத்தில் பதிந்த முதல் தொழில்முறை ஆட்டக்காரர் என்று இன்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அந்தக் காலத்திலோ, இப்படி ஒரு தொகை கைமாறியதை வெளியே சொல்ல யாருக்கும் துணிவில்லை.

கல்லூரிகளுக்குள் நிலைமை வேறாக இருந்ததா என்றால், இல்லை. 1900களின் தொடக்கத்தில் யேல் அணிக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் ஹோகனுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, சாப்பாடு இலவசம், கியூபாவுக்கு ஓர் உல்லாசப் பயணம். போதாததற்கு யேல் இருந்த நகரில் விற்கும் சிகரெட்டுகளுக்குக் கமிஷனும் வந்தது. 1905இல் ஹார்வர்ட் தன் முன்னாள் வீரர் பில் ரீடைப் பயிற்சியாளராக அமர்த்தியது. முன்னாள் மாணவர்கள் போட்ட பணத்தையும் சேர்த்து அவருக்கு ஆண்டுக்கு 7,000 டாலர் கிடைத்தது. அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பேராசிரியரும் அன்று வாங்காத சம்பளம் அது. ரீடுக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. கான்கிரீட்டில் எழுந்த ஹார்வர்ட் ஸ்டேடியம் 1903இல் திறந்துவிட்டது, 1914இல் யேல் அதைவிடப் பெரிதாகக் கட்டியது. இத்தனை டிக்கெட் விற்கும் இடத்தை யாரும் பொழுதுபோக்குக்காகக் கட்டமாட்டார்கள். 1905 சீசனில் நாடெங்கும் மைதானங்களில் குறைந்தது 18 இளைஞர்கள் இறந்தபோது ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் கொடுத்தது. கல்லூரிகள் சேர்ந்து ஒரு சங்கமும் அமைத்தன. 1910 முதல் என்.சி.ஏ.ஏ. என்று அழைக்கப்படும் அமைப்பு அதுதான். உயிர்ச்சேதத்தைத் தடுக்கப் பிறந்த சங்கம், காலப்போக்கில் வீரனுக்குக் காசு போகிறதா என்று காவல் காப்பதையே முதல் வேலையாக்கிக்கொண்டது.

தொழில்முறை லீக் பிறந்த விதத்தில் எந்தப் பகட்டும் இல்லை. 1920 செப்டம்பரில் ஒஹாயோவின் கேன்டன் ஊரில் ஒரு கார் ஷோரூமில் கூடி, புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஜிம் தார்ப்பைத் தலைவராக்கி ஆரம்பித்தார்கள். 1922இல் அது என்.எஃப்.எல். ஆனது. கல்லூரிக்காரர்கள் அதைக் கூலிப் பட்டாளம் என்று பார்த்தார்கள். அந்தப் பார்வையின் நேர்மையைச் சோதித்தவர் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ரெட் கிரேஞ்ச். கோடை விடுமுறையில் வீட்டு வீட்டுக்கு ஐஸ் கட்டி சுமந்த இளைஞர் அவர். 1924 அக்டோபரில் மிச்சிகனுக்கு எதிராக முதல் 12 நிமிடத்தில் நான்கு டச்டவுன் அடித்து நாடறிந்த பெயரானார். 1925 நவம்பர் 21 அன்று ஒஹாயோவின் கொலம்பஸ் நகரில் எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் தன் கடைசிக் கல்லூரி ஆட்டத்தை ஆடினார். அத்தனை பேர் வாங்கிய டிக்கெட்டில் அவருக்கு ஒரு சல்லியும் இல்லை. ஐந்து நாள் கழித்து, நன்றி நவிலல் நாளில், சிகாகோ பேர்ஸ் அணிக்காகக் களமிறங்கினார். டிசம்பரில் அவரைப் பார்க்க நியூ யார்க்கில் திரண்ட கூட்டம் கடனில் தத்தளித்த அந்நகர அணியையே காப்பாற்றியது. ஆனால் கல்லூரி உலகம் அவரைத் துரோகியாகவே நடத்தியது. அவருடைய பயிற்சியாளர் பாப் சுப்கியும் எதிர்த்தார். பயிற்சியாளரும் அந்த ஆட்டத்தால்தான் சம்பளம் வாங்கினார் என்பதை அன்றைய கண்டனக்காரர்கள் யோசிக்கவில்லை.

இதற்கு என்.எஃப்.எல். கொடுத்த பதில்தான் இன்றுவரை இரண்டு உலகங்களையும் பிணைத்து வைத்திருக்கிறது. 1926 முதல், ஒரு மாணவனோடு சேர்ந்தவர்கள் பட்டம் பெறும் வரை அவனை எந்த அணியும் எடுக்காது என்று லீக் விதி செய்துகொண்டது. கல்லூரிகளுக்கு மரியாதை செய்வதுபோல் தெரிந்தாலும் இது இரு தரப்புக்கும் லாபமான ஏற்பாடு. கல்லூரிக்கு விலையில்லா உழைப்பு நான்கு ஆண்டு உறுதி. லீகுக்குச் செலவில்லாத பயிற்சிக்கூடம். 1936இல், கல்லூரி முடித்த வீரர்களை அணிகள் வரிசை வைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் முறை வந்தது. முந்தைய சீசனில் கடைசியாக நின்ற அணிக்கு முதல் தேர்வு என்பது அதன் விதி. முதல் ஆளாக எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறையில் ஆடவே போகவில்லை. தொழில்முறைக்கும் கல்லூரிக்கும் நடுவில் பெரிய தர்மவேலி இருப்பதாக நினைப்பவர்கள், அந்த வேலியை இரு பக்கத்து முதலாளிகளும் கூடிப் பேசித்தான் போட்டார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கூலி இல்லாத ஆட்டம் என்பது உண்மையாகவே சாத்தியமில்லையா? சாத்தியம்தான். அதைச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1929இல் கார்னகி அறக்கட்டளை நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து, அவற்றில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வழியில் வீரர்களுக்குப் பணமோ சலுகையோ கொடுப்பதை அறிக்கையாக வெளியிட்டது. அதைப் படித்து வெட்கப்பட்டவர்கள் பலர். செயலில் இறங்கியவர்கள் சிலரே. பெர்வாங்கர் ஆடிய சிகாகோ பல்கலைக்கழகத்தின் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் 1939இல் கால்பந்து அணியையே கலைத்தார். ஆளில்லாமல் கிடந்த அந்த ஸ்டேடியத்தின் இருக்கைகளுக்கு அடியில்தான் 1942 டிசம்பரில் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் அணு உலையை இயக்கிக் காட்டியது. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் உள்ளிட்ட எட்டுக் கல்லூரிகள் 1950களில் ஐவி லீகாகச் சேர்ந்து, விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது என்று முடிவெடுத்தன. நாட்டின் உச்ச அணிகள் என்ற இடத்தை அவை இழந்தன, தெரிந்தேதான் இழந்தன. மற்றக் கல்லூரிகளுக்கும் இந்த வழி திறந்தே இருந்தது. அவை போகவில்லை. 1948இல் ஒழுங்குவிதி ஒன்றை நிறைவேற்றிய என்.சி.ஏ.ஏ., 1950இல் அதை மீறிய ஏழு கல்லூரிகளை வெளியேற்றப் பார்த்தபோது மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்காமல் தோற்றது. 1956இல் வறுமையோ மதிப்பெண்ணோ பார்க்காமல் ஆட்டத்துக்காகவே உதவித்தொகை தரலாம் என்று விதி மாறியது. ஏறக்குறைய அதே காலத்தில், கொலராடோவில் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ஒரு கல்லூரி வீரரின் மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். கால்பந்து கல்லூரியின் தொழில் அல்ல, இறந்தவர் ஊழியரும் அல்ல என்று 1957இல் மாநில உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆடினால்தான் உதவித்தொகை, இறந்தால் ஊழியன் இல்லை. இந்த இரட்டைக் கணக்கின் மேல்தான் அடுத்த அறுபது ஆண்டு கால வருமானம் கட்டப்பட்டது.

இந்த ஏற்பாட்டின் முழு அசிங்கமும் வெளிப்பட்டது 1987இல், டல்லஸ் நகரின் சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில். ஒரு புரவலர் கொடுத்த ரகசிய நிதியிலிருந்து 13 வீரர்களுக்கு மொத்தம் சுமார் 61,000 டாலர் போயிருந்தது. என்.சி.ஏ.ஏ. அந்த ஆண்டு சீசனையே ரத்து செய்தது. 1988இல் கல்லூரி தானாகவே ஆடாமல் நின்றது. பல்கலைக்கழக நிர்வாகக் குழுத் தலைவராக இருந்து, பிறகு டெக்சஸ் ஆளுநராகப் பதவியேற்றிருந்த பில் கிளெமென்ட்ஸ், இந்தப் பட்டுவாடாவைத் தொடரச் சம்மதித்தது தாங்கள்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. மாநில ஆளுநர் வரை தெரிந்து நடந்த காரியத்தில் ஊரெங்கும் கேவலப்பட்டது இருபது வயதுப் பையன்கள். அந்த அணி திரும்பத் தலைதூக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. ஒப்பிட்டுப் பாருங்கள்: 2023 நவம்பரில் அதே மாநிலத்தின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம், ஜெயிக்கவில்லை என்று தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது, ஒப்பந்தப்படி அவருக்குத் தர வேண்டியிருந்தது 7.5 கோடி டாலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கான தொகை இது. விளையாட்டின் புனிதம் கெட்டுவிட்டது என்று அதற்காக எந்த விதியும் பாயவில்லை.

உதவித்தொகையே கூலிதானே, இலவசக் கல்வியைவிட வேறென்ன வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. கல்விக்கு மதிப்பு உண்டு, பல குடும்பங்களின் தலையெழுத்தை அது மாற்றியும் இருக்கிறது. ஆனால் கூலியின் அளவை முதலாளிகள் மட்டும் கூடி நிர்ணயித்து, அதற்கு மேல் ஒருவரும் கொடுக்கக் கூடாது என்று கட்டுப்பாடு செய்வதை வேறு எந்தத் தொழிலிலும் நாம் நியாயம் என்று சொல்வதில்லை. 2021 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிரான ஆல்ஸ்டன் வழக்கில் 9-0 என்று தீர்ப்பளித்தபோது நீதிபதி பிரெட் கவனா தனியாக எழுதியதன் சாரமும் இதுதான். இந்த ஏற்பாட்டுக்கு நிறமும் உண்டு. தெற்கு மாநிலங்களின் பெரிய கல்லூரிகள் பல 1960களின் பிற்பகுதி வரை கறுப்பின இளைஞர்களை அணியில் சேர்க்கவே இல்லை. அவர்கள் கிராம்ப்லிங் போன்ற கறுப்பினக் கல்லூரிகளில் எடி ராபின்சன் போன்றவர்களின் கீழ் ஆடினார்கள். ராபின்சனின் 408 வெற்றிகள் அந்த விலக்கலுக்கு எதிராக நின்ற கணக்கு. கதவு திறந்த பிறகு பெரிய அணிகளின் வெற்றியைச் சுமந்தவர்களில் கறுப்பின வீரர்கள் ஏராளம். வருமானம் பெருகிய காலமும் அதுவே. பழைய காலம் தூய்மையானது என்று ஏங்குபவர்கள், யாருக்கு அது தூய்மையாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் கல்லூரி ஆட்டம் எதை இழந்தது? மண்ணை இழந்தது. அந்த ஆட்டத்தின் உயிர் அண்டை ஊர்ப் பகையில் இருந்தது. ஆண்டு முழுக்கத் தோற்றாலும் பக்கத்துக் கல்லூரியை அந்த ஒரு சனிக்கிழமை ஜெயித்துவிட்டால் போதும் என்ற ரோஷம் அது. அதை அறுத்தது தொலைக்காட்சி. 1951 முதல் எந்தக் கல்லூரி ஆட்டம் எத்தனை முறை ஒளிபரப்பாகலாம் என்பதை என்.சி.ஏ.ஏ. கட்டுப்படுத்திவந்தது. ஓக்லஹோமாவும் ஜார்ஜியாவும் வழக்குப் போட்டு 1984இல் உச்ச நீதிமன்றத்தில் 7-2 என்று ஜெயித்தன. தீர்ப்பை எதிர்த்த இரு நீதிபதிகளில் ஒருவரான பைரன் வைட், கொலராடோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரமாக இருந்து 1938இல் பிட்ஸ்பர்க் அணியில் லீகிலேயே அதிகச் சம்பளத்துக்கு ஆடியவர். கல்லூரி ஆட்டம் முழுக்க வியாபாரமாகிவிடும் என்ற அவர் பயம் பலித்தது. அக்கம்பக்கத்துக் கல்லூரிகள் தமக்குள் ஆடச் சேர்ந்திருந்த ஒவ்வொரு கூட்டமைப்பும் தன் சரக்கைத் தானே விற்கக் கிளம்பியது. அதிகக் காசு தரும் கூட்டமைப்புக்குத் தாவுவது வழக்கமானது. ஓக்லஹோமாவும் ஓக்லஹோமா ஸ்டேட்டும் நூறாண்டுக்கும் மேலாக ஆண்டுதோறும் மோதிவந்த ஆட்டம், முன்னது வேறு கூட்டமைப்புக்குப் போனதால் 2023உடன் நின்றது. 1915இல் வேர்விட்ட பசிபிக் கரைக் கூட்டமைப்பில் 2024 சீசனுக்கு மிஞ்சியவை இரண்டே கல்லூரிகள். அந்த அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸின் யு.சி.எல்.ஏ. அணி ரட்கர்ஸோடு கூட்டமைப்பு ஆட்டம் ஆட நியூ ஜெர்சிக்குப் பறந்தது. கண்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு. இந்தத் தாவல்களில் ஒன்றையும் எந்த வீரனும் முடிவு செய்யவில்லை. கல்லூரித் தலைவர்கள் செய்தார்கள். மாணவன் கல்லூரி மாறினால் விசுவாசம் இல்லை என்பவர்கள், கல்லூரியே ஊரை மாற்றிக்கொண்டபோது என்ன சொன்னார்கள்?

கூலிப் பட்டாளம் என்று ஏளனம் செய்யப்பட்ட ஞாயிற்றுக்கிழமை லீகைப் பாருங்கள். 1961 சட்டம் தந்த சலுகையால் எல்லா அணிகளும் ஒளிபரப்பு உரிமையைச் சேர்த்து விற்று வருமானத்தைச் சமமாகப் பிரித்துக்கொள்கின்றன. அதனால்தான் விஸ்கான்சினில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் கிரீன் பே என்ற சிற்றூரின் அணி, பொதுமக்களே பங்குதாரர்களாக, நியூ யார்க்கோடும் சிகாகோவோடும் சரிக்குச் சரி நிற்கிறது. 13 முறை பட்டம் வென்றிருக்கிறது. வீரர்கள் 1956இல் சங்கம் அமைத்தார்கள். வேலைநிறுத்தங்களிலும் வழக்குகளிலும் அடிபட்டு, 1993இல் அணி மாறும் உரிமையையும் வருமானத்தில் பங்கையும் ஒப்பந்தமாக்கினார்கள். அடுத்த ஆண்டு சம்பள உச்சவரம்பு வந்தது, அணிக்கு 3.46 கோடி டாலர் என்று. இது சொர்க்கம் அல்ல. மூளைக் காயங்களை அந்த லீக் எவ்வளவு காலம் மறுத்தது என்பது தெரிந்த கதை. ஆனாலும் காசு வெளிப்படையாக இருந்ததால் அதற்கு ஒழுங்கு வந்தது. கல்லூரிகள் தொழில்முறையிடமிருந்து வருமானத்தைக் கற்றுக்கொண்டன, ஒப்பந்தத்தைக் கற்கவில்லை.

இன்றைய குழப்பத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. 2021 ஜூலையில் வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் விளம்பரத்துக்கு விற்கலாம் என்றானது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி பழைய வீரர்களுக்கு சுமார் 280 கோடி டாலர் ஈட்டுத்தொகை, கூடவே ஒவ்வொரு கல்லூரியும் நேரடியாகப் பங்கு தரலாம், 2025-26இல் அதன் வரம்பு சுமார் 2.05 கோடி டாலர். பணக்காரக் கல்லூரி ஆட்களை அள்ளிக்கொள்ளாதா என்று கேட்கிறார்கள். முன்பும் அள்ளின. அன்று உயர்ந்த ஸ்டேடியத்தையும் பளபளக்கும் உடை மாற்றும் அறையையும் காட்டி அள்ளின. இன்னொரு கவலை எனக்கும் உண்டு. கால்பந்து வருமானத்தில்தான் நீச்சல், ஓட்டம், பெண்கள் அணிகள் பலவும் ஓடுகின்றன. கூலி கொடுத்தால் முதலில் வெட்டு அங்கே விழும் என்கிறார்கள், சில கல்லூரிகளில் விழவும் செய்கிறது. அந்த வெட்டைத் தவிர்க்கக் கால்பந்து மாணவனைச் சும்மா உழைக்கச் சொல்வதுதான் வழியா? பயிற்சியாளர் ஒப்பந்தங்களில் கைவைத்தால் எத்தனையோ நீச்சல் அணிகள் பிழைக்கும்.

நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக வீரர்கள் 2014இல் சங்கம் கேட்டார்கள். தொழிலாளர் உறவு வாரியத்தின் வட்டார அதிகாரி அவர்களை ஊழியர்கள் என்று ஏற்றார், ஏப்ரலில் வாக்கெடுப்பும் நடந்தது. மறு ஆண்டு வாரியம் இந்த விவகாரத்தில் தலையிட மறுத்ததால் பெட்டியில் விழுந்த வாக்குகள் எண்ணப்படாமலே போயின. அன்று அவற்றை எண்ணியிருந்தால், ஆண்டுக்கொரு தாவல், கணக்கில்லாத பேரம் என்று இன்று எல்லோரும் நொந்துகொள்ளும் பலவற்றுக்கு மேசையில் உட்கார்ந்து விதி எழுத முடிந்திருக்கும். எத்தனை ஆண்டு ஒப்பந்தம், எப்போது மாறலாம், அடிபட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் நிற்கும். ஒரு தரப்பு போட்ட விதிகளை நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாக உடைத்துவருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். சனிக்கிழமை ஆட்டத்தை நேசிப்பவர்கள் கல்லூரித் தலைவர்களிடம் இரண்டைக் கேட்க வேண்டும். வீரர்களோடு சங்க ஒப்பந்தம் போடுங்கள். கால்பந்துக்காவது கூட்டமைப்புகளைப் பழையபடி அக்கம்பக்கத்து ஊர்களைக் கொண்டு அமையுங்கள்.